தெரியாது என்று சொல்லத் தெரிந்த கணினிகள்

1980 அக்டோபர் 27. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் அன்றைக்குப் பல மணி நேரம் படுத்துவிட்டது. கேபிள் எதுவும் அறுபடவில்லை. யாரும் உள்ளே புகுந்து நாசம் செய்யவும் இல்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் இரண்டு பிட்கள் உதிர்ந்தன (1 ஆக இருந்தவை 0 ஆகிவிட்டன), அவ்வளவுதான்.

நடந்தது இது. அர்ப்பாநெட்டில் ஊருக்கு ஊர் இருந்த கணுக்கள் (செய்திகளைக் கடத்தும் கணினிகள்) ஒவ்வொன்றும் 'என்னிடமிருந்து போகும் இணைப்புகள் இப்போது இந்த நிலையில் இருக்கின்றன' என்று அவ்வப்போது ஓர் அறிக்கை அனுப்பும். அதைப் பெறும் கணு தன் அண்டைக் கணுக்களுக்குக் கடத்தும். பழைய அறிக்கை எது, புதியது எது என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வோர் அறிக்கைக்கும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண். 63 முடிந்ததும் மறுபடி 0. கடிகாரத்தில் 12க்குப் பிறகு 1 வருவதுபோலத்தான். ஆகவே இரண்டு எண்களில் எது புதியது என்பதை வெறும் பெரிசு, சிறிசு வைத்துச் சொல்ல முடியாது. வட்டத்தில் அரைச் சுற்றுக்குள் எது முன்னால் நிற்கிறதோ அதுதான் புதியது.

44 என்ற எண்ணோடு வந்த ஓர் அறிக்கை, பழுதான ஒரு கணுவின் நினைவகத்தில் ஒரு பிட்டை இழந்து 40 ஆனது. இன்னொரு பிட்டையும் இழந்து 8 ஆனது. இப்போது ஒரே அறிக்கையின் மூன்று பிரதிகள் ஊரில் உலவுகின்றன. வட்டக் கணக்குப்படி 40ஐவிட 44 புதியது. 8ஐவிட 40 புதியது. 44ஐவிட 8 புதியது! கல், காகிதம், கத்தரி விளையாட்டு மாதிரி ஒன்றை ஒன்று வென்றுகொண்டே இருக்க, ஒவ்வொரு கணுவும் கையில் இருந்ததைப் 'பழையது' என்று போட்டுவிட்டு, வந்ததைப் 'புதியது' என்று ஏற்று அண்டைக் கணுக்களுக்கெல்லாம் அனுப்பியது. அந்த வேலையே முழுநேர வேலையாகிப்போனதால் மற்ற எந்த வேலைக்கும் அவற்றுக்கு நேரமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழுது வந்து போனது ஒரு கணம். அந்தப் பழுதான கணுவையே பிடுங்கி வெளியே வீசியிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது. ஏனென்றால் அந்த மூன்று பிரதிகளும் ஏற்கெனவே நல்ல கணுக்களின் கையில் இருந்தன. நல்ல கணுக்கள்தான் விதிமுறை பிசகாமல் அவற்றைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தன.

நடுவில் ஒரு தலைவன் இல்லாமல், ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணுக்களோடு மட்டும் பேசி, எல்லாமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரும் முறையைத்தான் 'பரவல் அல்காரிதம்' என்கிறோம். மையக் கணினி செத்தால் எல்லாம் போச்சு என்ற பயம் இதில் இல்லை. பதிலுக்கு வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தப்பான ஒரு தகவல் உள்ளே நுழைந்துவிட்டால் அதை யார் வெளியேற்றுவது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் ஒரு விடையைப் பற்றியது. அதற்கு உதவும் கணிதத்தின் பெயர் நம்பிக்கைச் சார்புக் கோட்பாடு (belief functions). பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும்.

டைக்ஸ்ட்ராவின் இரண்டு பக்கம்

அர்ப்பாநெட் படுப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1974இல், நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா மிகச் சிறிய ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கேட்டது இதுதான்: ஓர் அமைப்பை எந்தக் கோளாறான நிலையில் கொண்டுபோய் விட்டாலும், வெளியிலிருந்து யாரும் தொடாமல், தானாகவே சில அடிகளில் சரியான நிலைக்கு வந்து சேரும்படி அமைக்க முடியுமா? முடியும் என்று காட்டவும் செய்தார். வட்டமாக நிற்கும் கணினிகள் ஒரே ஒரு 'முறை'யை (இப்போது என் முறை, உன் முறை என்கிறோமே, அது) சுற்றில் கைமாற்றிக்கொள்வதுதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். ஆரம்பத்தில் தவறுதலாகப் பத்துப் பேர் கையில் 'முறை' இருந்தாலும், போகப்போக அது ஒன்றாகக் குறைந்துவிடும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்குமே, அந்தக் குணம்தான் இது. தானாக நிலைபெறுதல் என்று சொல்லலாம். பொம்மை ஏன் சாய்ந்தது, யார் தள்ளினார்கள் என்ற விசாரணையெல்லாம் அதற்குத் தேவையில்லை. என்ன தப்பு நடந்தது என்று கண்டுபிடித்துத் திருத்துவது வேறு, எங்கே இருந்தாலும் சரியான இடத்துக்கு இழுக்கப்படுவது வேறு. இரண்டாவதுதான் அழகு என்பது என் எண்ணம்.

அந்தக் கட்டுரையை வெகுகாலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1983இல் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் ஒரு மாநாட்டு உரையில் அதைத் தூக்கிப் பேசிய பிறகுதான் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2002இல் அதற்கு ஒரு விருது கிடைத்தது. அதே ஆண்டு டைக்ஸ்ட்ரா காலமானார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த விருதுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

சரி. ஆனால் டைக்ஸ்ட்ராவின் கணினிகள் கையாண்டவை துல்லியமான எண்கள். 'என்னிடம் 3 இருக்கிறது' என்றால் 3தான். நிஜ உலகின் சென்சார்கள் அப்படிப் பேசுவதில்லை. 'ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது' என்றுதான் அவை பேசும். அதை எப்படி எழுதுவது?

ஐம்பதுக்கு ஐம்பதும் தெரியாததும் ஒன்றல்ல

பாரிஸுக்கு வடக்கே போகும் ஏ1 நெடுஞ்சாலையில் ஒரு மூடுபனிக் காலை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை, சிவப்பு, நீலம் என்று மூன்று கார்கள். மூன்றும் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசும். கேள்வி ஒன்றே ஒன்று: முன்னால் பாதையில் தடை இருக்கிறதா, இல்லையா?

நீலக் காரின் கேமராவில் சேறு அப்பிக்கிடக்கிறது. அதற்கு எதுவுமே தெரியவில்லை. வழக்கமான நிகழ்தகவில் அது என்ன சொல்ல முடியும்? தடை 0.5, தடை இல்லை 0.5. வேறு வழியில்லை, கூட்டினால் 1 வர வேண்டுமே. ஆனால் அதே வார்த்தையை இன்னொரு கார் வேறு அர்த்தத்தில் சொல்லலாம். கேமரா பளிச்சென்று வேலை செய்கிறது, இந்த இடத்தைப் பல முறை கடந்தும் இருக்கிறது, பாதி நேரம் அங்கே லாரி நிற்கும், பாதி நேரம் நிற்காது. அதுவும் 0.5, 0.5தான். அளந்து பார்த்துச் சொன்னவனும் கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னவனும் ஒரே பதிலைத் தந்துவிட்டார்கள்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் ஆர்தர் டெம்ப்ஸ்டர் 1967இல் இதற்கு ஒரு வழி வைத்தார். கிளென் ஷேஃபர் 1976இல் அதை ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்து நூலாக்கினார். அதனால் டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் கோட்பாடு என்றும் இதைச் சொல்வார்கள். அடிப்படை எண்ணம் ரொம்ப எளிது. கையில் ஒரு ரூபாய் நம்பிக்கை இருக்கிறது. அதைத் 'தடை' என்ற பெட்டியிலும் 'தடை இல்லை' என்ற பெட்டியிலும் போடலாம். மூன்றாவதாகத் 'தெரியாது' என்றும் ஒரு பெட்டி உண்டு. அதாவது, இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சிவப்பு கார் மங்கலாக எதையோ பார்க்கிறது. 60 காசைத் 'தடை'யில் போடுகிறது, மீதி 40 காசைத் 'தெரியாது' பெட்டியில் போடுகிறது. 'தடை இல்லை' பெட்டியில் ஒரு காசுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நிகழ்தகவில் 0.6 தடை என்றால் 0.4 தடை இல்லை என்று தானாகவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இங்கே அப்படி ஆகாது. தடைக்கான நம்பிக்கை குறைந்தது 0.6, அந்தத் தெரியாத பங்கும் அந்தப் பக்கமே சாய்ந்தால் அதிகபட்சம் 1. இந்தக் கீழ் எல்லையும் மேல் எல்லையும்தான் டெம்ப்ஸ்டரின் மூலக் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தவை.

சேறு அப்பிய நீலக் கார் முழு ரூபாயையும் 'தெரியாது' பெட்டியில் போட்டுவிடும். நேர்மையான பதில்.

இது ஏதோ தத்துவ விளையாட்டு இல்லை. கணு செத்துப் பிழைத்து எழுந்தாலும், செய்தி வழியில் தொலைந்தாலும், புதிய கார் ஒன்று இப்போதுதான் நெட்வொர்க்குக்குள் வந்தாலும், எல்லாவற்றுக்கும் ஒரே ஆரம்ப மதிப்பு: முழுத் தெரியாமை. இந்த மதிப்பை யாருடைய கருத்தோடு சேர்த்தாலும் அந்தக் கருத்து மாறாது. சராசரி எடுக்கும் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கார் 0.9 என்று உறுதியாகச் சொல்கிறது. கண் தெரியாத ஒன்பது கார்கள் 0.5 என்கின்றன. சராசரி 0.54! பார்த்தவன் சொன்னது பார்க்காதவர்களின் கூட்டத்தில் கரைந்துபோனது. நம்பிக்கைச் சார்பில் அந்த ஒன்பது பேரும் கூட்டத்துக்கு வந்ததும் வராததும் ஒன்றுதான். (சராசரிக்குப் பதில், நிகழ்தகவுகளைப் பெருக்கிச் சேர்க்கும் பேய்ஸ் முறையைக் கையாண்டால் இந்தக் கரைப்பு நேராது என்பது உண்மை. ஆனால் அளந்தவனையும் கண் கட்டியவனையும் பிரித்தறிய முடியாத குறை அதிலும் அப்படியே இருக்கும்.)

இரண்டு சாட்சிகளைச் சேர்ப்பது

சிவப்பு கார் 0.6 என்கிறது. வெள்ளைக் காரும் தன் கண்ணால் தனியே பார்த்து 0.5 என்கிறது. சேர்த்தால் எவ்வளவு? டெம்ப்ஸ்டர் விதி சொல்வது: தெரியாத பங்குகளைப் பெருக்கு. சிவப்புக்குத் தெரியாதது 0.4, வெள்ளைக்குத் தெரியாதது 0.5. இரண்டு பேருக்குமே தெரியாமல் போவது 0.4 × 0.5 = 0.2. ஆகவே தடைக்கான நம்பிக்கை 0.8. தனித்தனிச் சாட்சிகள் ஒன்றையே சொன்னால் உறுதி கூடுகிறது. நம் புத்திக்கும் இது சரியாகத்தான் படுகிறது.

ஆள் ஆளுக்கு முரணாகச் சொன்னால்? சிவப்பு 'தடை' 0.6 என்க, நான்காவதாக வந்த பச்சைக் கார் 'தடை இல்லை' 0.7 என்கிறது. இருவரும் உறுதியாகச் சொன்ன பங்குகள் மோதுகின்றன: 0.6 × 0.7 = 0.42. இந்த 42 காசு எந்தப் பெட்டிக்கும் போக முடியாது. டெம்ப்ஸ்டர் விதி இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதி 58 காசை ஒரு முழு ரூபாயாக விரித்துக்கொள்ளும்: தடைக்கு 0.31, தடை இல்லை என்பதற்கு 0.48, தெரியாது 0.21.

இந்தத் தூக்கிப் போடும் வேலையில் ஓர் ஆபத்து இருக்கிறது. கணினி விஞ்ஞானி லோட்ஃபி ஸாதே சொன்ன புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அது. இரண்டு மருத்துவர்கள். ஒருவர் 99 சதவீதம் மூளைக்காய்ச்சல், 1 சதவீதம் கட்டி என்கிறார். மற்றவர் 99 சதவீதம் தலையில் பட்ட அடி, 1 சதவீதம் கட்டி என்கிறார். இருவரும் ஒத்துப்போகும் ஒரே இடம் கட்டி. முரண்பட்டதை எல்லாம் தள்ளிவிட்டுக் கணக்குப் போட்டால், கட்டி 100 சதவீதம் என்று வருகிறது! இருவருமே அனேகமாக இல்லை என்று சொன்னது நிச்சயமாகிவிட்டது. இதற்குப் பலரும் பலவிதமாக மாற்று விதிகள் கண்டுபிடித்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது எளிமையான ஒன்று: முரணைத் தூக்கிப் போடாதே, அதையும் ஒரு பெட்டியில் வைத்துக்கொள். அந்தப் பெட்டி நிரம்பினால் யாரோ பழுது, அல்லது நாம் கேள்வியையே தப்பாகக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம். முரண் என்பது குப்பை இல்லை, அபாய மணி.

காக்கையாக வாந்தி எடுத்தவன்

மேலே சொன்ன பெருக்கலில் 'தனியே பார்த்து' என்று ஒரு வார்த்தை இருந்ததே, அதில்தான் பரவல் அல்காரிதத்தின் தலைவலி எல்லாம்.

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தானாம். தெருமுனைக்குப் போவதற்குள் காக்கை நிறத்தில் எடுத்தான் என்றாகி, அடுத்த தெருவில் காக்கையாகவே எடுத்தான் என்றாகி, ஊர் எல்லையில் காக்கை காக்கையாக எடுத்தான் என்று முடிந்ததாம். கார்களிடம் இந்தக் கதை வேறு விதமாக நடக்கும். சிவப்பு கார் 0.6 என்று வெள்ளையிடம் சொல்கிறது. வெள்ளை அதை அப்படியே திருப்பி அனுப்புகிறது. சிவப்பு யோசிக்கிறது: 'ஓ, இன்னொருவரும் 0.6 என்கிறாரே!' பெருக்குகிறது. தெரியாத பங்கு 0.4 × 0.4 = 0.16. உறுதி 0.84. அதை மறுபடி அனுப்ப, அது மறுபடி திரும்பி வர... தன் 0.4ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.01. அதாவது 99 சதவீத உறுதி. பார்த்தது ஒரே ஒரு கார், அதுவும் மங்கலாக ஒரே ஒரு தடவை.

நாலு பேர் சொன்னார்கள் என்கிறோமே, அந்த நாலு பேரும் ஐந்தாவதாக ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான். மனிதர்களிடம் 'உங்களுக்கு யார் சொன்னது?' என்று கேட்டு இதைச் சரிசெய்யலாம். கணினியிலும் ஒவ்வொரு செய்தியோடும் யார் யார் கைமாறி வந்தது என்ற பட்டியலை ஒட்டி அனுப்பலாம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான கார்கள் வந்து போகும் சாலையில் அந்தப் பட்டியல் செய்தியைவிட நீளமாகிவிடும்.

அப்புறம் என்ன வழி? பிரான்ஸின் கோம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியரி டெனோ 2008இல் வெளியிட்ட ஒரு விதி இங்கே கைகொடுக்கிறது. 'எச்சரிக்கை விதி' என்று பெயர். பெருக்காதே, தெரியாத பங்குகளில் எது சின்னதோ அதை மட்டும் எடுத்துக்கொள். 0.4ம் 0.5ம் வந்தால் 0.4. உறுதி 0.6லேயே நிற்கும். எதிரொலியாகத் தன் 0.4ஏ திரும்பி வந்தாலும் 0.4, 0.4 இரண்டில் சின்னது 0.4. ஆயிரம் தடவை திரும்பி வந்தாலும் அதேதான். எதிரொலிக்கு வாயடைத்தாயிற்று. (இங்கே நான் எளிமைக்காக ஒரே பக்கம் சாயும் கருத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் இருந்தால் தடைக்கு ஒன்று, தடை இல்லை என்பதற்கு ஒன்று என்று இரண்டு எண்களை ஒவ்வொரு காரும் சுமக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே சின்னதை எடுத்து, கடைசியில் அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

இதில் நஷ்டமும் உண்டு. உண்மையிலேயே தனித்தனியாகப் பார்த்த இரண்டு பேர் சொன்னாலும் உறுதி கூடாது. அதனால்தான் நேரடி அண்டைக் கார்கள் தங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லும்போது டெம்ப்ஸ்டர் பெருக்கலையும், கைமாறி வரும் செய்திக்கு எச்சரிக்கை விதியையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பக்கத்து வீட்டுக்காரர் தன் கண்ணால் பார்த்தேன் என்றால் அதற்கு ஒரு மரியாதை, 'பேசிக்கிறாங்க' என்று வருவதற்கு இன்னொரு மரியாதை.

நெருப்பில்லாமல் புகைவது

எச்சரிக்கை விதியோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அர்ப்பாநெட்டின் ஆவி சிரிக்கும்.

சிவப்பு காரின் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு, 'தடை' 0.99 என்று ஆகிவிட்டது என்று வைப்போம். நிஜத்தில் சாலை காலி. அடுத்த நொடியில் அந்தப் பழுது சரியாகியும் விட்டது. ஆனால் அதற்குள் 0.99 வெள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தெரியாத பங்கு 0.01, அதைவிடச் சின்னது யாரிடமும் இல்லை. எனவே வெள்ளை அதை வைத்துக்கொள்கிறது, நீலத்துக்குச் சொல்கிறது, சிவப்புக்கே திருப்பிச் சொல்கிறது. சிவப்பும் ஏற்றுக்கொள்கிறது. இனி இந்த 0.01 சாகாது. எந்தக் கண்ணும் பார்க்காத ஒன்றை எல்லாக் கார்களும் ஒன்றுக்கொன்று உறுதிப்படுத்திக்கொண்டிருக்கும். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பார்கள். நெட்வொர்க்கில் புகையும். புகையே புகையைப் போட்டுக்கொண்டிருக்கும்.

இதை அணைக்கச் செய்ய வேண்டியது இரண்டு சின்ன விஷயங்கள்.

முதலாவது, ஒவ்வொரு சுற்றிலும் கார் தன் பழைய முடிவை மறந்துவிட்டு, முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்: இப்போது என் கண்ணில் தெரிவது, இப்போது அண்டைக் கார்கள் சொல்வது, இவ்வளவுதான். நேற்று நான் என்ன நினைத்தேன் என்பதற்கு ஓட்டு கிடையாது.

இரண்டாவது, தள்ளுபடி. ஷேஃபரின் நூலிலேயே இருக்கும் செயல் இது. அடுத்தவர் சொன்னதை முழு விலைக்கு வாங்காதே. ஒவ்வொரு கைமாறலிலும் உறுதியில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத் 'தெரியாது' பெட்டியில் போட்டுவிடு. ஆடித் தள்ளுபடிக்கு ஒரு மாதம்தான் ஆயுள். இந்தத் தள்ளுபடி எப்போதும் உண்டு. ஆனால் தன் சொந்தக் கண்ணுக்கு மட்டும் தள்ளுபடி கிடையாது.

இப்போது அந்த 0.99 என்ன ஆகிறது பாருங்கள். அடுத்த சுற்றில் 0.79. அதற்கடுத்து 0.63. பிறகு 0.51, 0.41, 0.32, 0.26. பத்துச் சுற்றில் கிட்டத்தட்ட 0.11. இருபது சுற்றில் 0.01. யாருடைய கண்ணும் அதற்குப் புது எண்ணெய் ஊற்றாததால் விளக்கு தானாக அணைகிறது. கணக்குப்படி சுத்தமான பூஜ்யம் வராது என்பீர்கள். சரிதான். ஒரு வரம்புக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வெட்டிவிட்டால் குறிப்பிட்ட சுற்றுகளுக்குள் கதை முடிந்துவிடும்.

நிஜமான தடை இருந்தால் என்ன நடக்கும்? அதைப் பார்க்கும் சிவப்பு கார் ஒவ்வொரு சுற்றிலும் தன் கண்ணால் பார்த்துப் புதிதாக 0.6 என்கிறது. வெள்ளைக்கு அது 0.48 ஆகப் போய்ச் சேரும். அடுத்ததற்கு 0.38. அதற்கும் பின்னால் 0.31. ஆனால் அந்த எண்கள் அழியாமல் நிற்கும், ஏனென்றால் மூலத்தில் ஊற்று வற்றவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு உறுதி குறைவாகப் போவதும் நியாயம்தான். அவன் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் லாரி நகர்ந்துவிடலாமே.

2012இல் பெர்த்ரான் டுகூர்த்தியால், வெரோனிக் ஷெர்ஃபாவி, டெனோ மூவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான். எச்சரிக்கை விதியோடு தள்ளுபடியைச் சேர்த்தால், அந்தக் கலவைக்குத் தானாக நிலைபெறும் குணம் வந்துவிடுகிறது. எந்தத் தாறுமாறான மதிப்புகளோடு ஆரம்பித்தாலும், யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற வரைபடம் யாருக்கும் தெரியாவிட்டாலும், குறிப்பிட்ட காலத்துக்குள் எல்லாக் கணுக்களும் தமக்குரிய சரியான விடையில் போய் நிற்கும் என்று அவர்கள் நிறுவினார்கள். டைக்ஸ்ட்ராவின் தலையாட்டி பொம்மையும் ஷேஃபரின் 'தெரியாது' பெட்டியும் இந்த இடத்தில்தான் சந்தித்துக்கொண்டன.

ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எளிய ஒப்புமை உண்டு. ஒவ்வொரு வீடும் கிணறு எவ்வளவு தூரம் என்று அண்டை வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. விதி: அண்டை வீடுகள் சொன்னதில் சின்ன எண்ணோடு 1 கூட்டிக்கொள். கிணறு இருக்கும் வீடு மட்டும் எப்போதும் 0 என்று சொல்லும். யாரோ ஒருவர் தவறுதலாக 2 என்று நினைத்தால், அந்தப் பொய் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் 1 கூடி 3, 4, 5 என்று வளர்ந்து, உண்மையான தூரத்தைவிடப் பெரிதானதும் தோற்றுப்போகும். கைமாறும்போது கூடும் அந்த ஒன்றுதான் இங்கே தள்ளுபடி. அது இல்லாவிட்டால் பொய்க்கும் உண்மைக்கும் வயது வித்தியாசமே தெரியாது.

எவ்வளவு தள்ளுவது?

என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே சுவாரசியமான கேள்வி இதுதான். இதற்குப் பொதுவான விடை கிடையாது.

கைமாறலுக்கு 20 சதவீதம் கழித்தால், மூன்று கைமாறலில் செய்தியின் பலம் பாதியாகிறது. பொய் சீக்கிரம் சாகும், ஆனால் நான்காவது காருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு உண்மையும் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். 5 சதவீதம் மட்டும் கழித்தால் பாதியாகப் பதின்மூன்று கைமாறல் ஆகும். உண்மை வெகுதூரம் போகும், பொய்யும் வெகுநேரம் வாழும். இரண்டையும் ஒரே திருகாணிதான் கட்டுப்படுத்துகிறது. ஒன்றை மட்டும் தனியே முறுக்க முடியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார்களுக்கும், வயலில் ஆடாமல் அசையாமல் நட்டுவைத்த ஈரப்பத சென்சார்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது. வயலில் இருப்பவற்றுக்கு அவசரம் இல்லை. மெல்லத் தள்ளினால் போதும்.

இந்த யோசனை நம்பிக்கைச் சார்போடு மட்டும் நின்றுவிட்ட ஒன்றும் அல்ல. அர்ப்பாநெட் சம்பவத்துக்குப் பிறகு கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் போன்றவர்கள் வழிகாட்டும் செய்திகளை எப்படிப் பிழை தாங்கும்படி பரப்புவது என்று யோசித்தார்கள். இன்று நிறுவனங்களின் ரூட்டர்களில் ஓடும், தரவுக்கு வழி தேடித்தரும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) நெறிமுறையில் ஒவ்வோர் அறிக்கைக்கும் வயது உண்டு. 30 நிமிடத்துக்கு ஒருமுறை மூலக் கணு அதைப் புதுப்பிக்க வேண்டும். 1 மணி நேரம் புதுப்பிக்காவிட்டால் அந்த அறிக்கை செல்லாது. அங்கே நம்பிக்கை படிப்படியாகத் தேயாது. இருக்கும், பிறகு ஒரே வெட்டு. வரிசை எண்ணும் இப்போது வட்டமாகச் சுற்றுவதில்லை, நேர்கோட்டில் ஏறுகிறது.

எது முடியாது

இதுவரை பேசிய பழுதுகள் எல்லாம் வந்துபோகும் பழுதுகள். பிட் புரண்டது, செய்தி தொலைந்தது, கணு அணைந்து மறுபடி எழுந்தது. ஒரு கார் ஓயாமல் பொய் சொல்லிக்கொண்டே இருந்தால் தள்ளுபடி உதவாது. அதன் பொய்க்கும் ஒவ்வொரு சுற்றிலும் புது எண்ணெய் கிடைக்கிறதே. நிஜமான தடையைப் பார்க்கும் காருக்கும் இல்லாத தடையைச் சொல்லும் காருக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. அதிலும் சின்னதை எடுக்கும் விதியில், அதிக உறுதியோடு பேசுபவன்தான் ஜெயிப்பான்.

அது வேறொரு பெரிய கதை. லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் துரோகிகள் கலந்த கூட்டத்தில் நல்லவர்கள் எப்படி ஒரே முடிவுக்கு வருவது என்று 1982இல் பைசாந்திய தளபதிகள் என்ற பெயரில் சொன்னது. கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தும் வசதி இல்லாத செய்திகளில், ஒரு துரோகியைச் சமாளிக்க மொத்தம் நான்கு பேராவது வேண்டும். இரண்டு துரோகிகளுக்கு ஏழு பேர். மூன்று கார்களில் ஒன்று துரோகி என்றால் மற்ற இரண்டும் எந்தக் கணக்குப் போட்டாலும் தப்ப முடியாது.

நம்பிக்கைச் சார்பு அங்கே தரக்கூடியது ஓர் அறிகுறி மட்டும். பொய் சொல்லும் கார் அருகில் வரும்போதெல்லாம் மற்றவர்களின் முரண் பெட்டி நிரம்புகிறதா என்று பார்க்கலாம். நிரம்பினால் அந்தக் காருக்கு மட்டும் தள்ளுபடியைக் கூட்டலாம்: 20 சதவீதத்திலிருந்து 50, பிறகு 90. ஆனால் நல்லவன் ஒருவன், பார்க்காதவர்கள் பத்துப் பேர் என்ற கூட்டத்திலும் முரண் வரும், அப்போது தள்ளப்படுபவன் அந்த நல்லவனாகவும் இருக்கலாம். பார்க்காதவர்கள் 'தடை இல்லை' என்று சொல்லாமல் 'தெரியாது' என்று சொன்னால் மட்டுமே அவன் தப்புவான்.

1980இல் அர்ப்பாநெட்டை எழுப்பியதும் தள்ளுபடிதான், ஆனால் கையால் செய்தது. கோளாறான அந்த மூன்று பிரதிகளும் 50ஆம் எண் கணுவின் பெயரில் உலவியவை. '50இன் பெயரில் எது வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதே' என்று ஒரு சிறு நிரல் எழுதி, பொறியாளர்கள் அதைக் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். நூற்றுக்கு நூறு தள்ளுபடி. உண்மையில் பிட்களைத் தொலைத்தது 50 அல்ல, அதன் செய்தியைக் கடத்திய 29ஆம் எண் கணு.